பதினாலாவது துண்டு

– பதினாலு துண்டு, பதினாலு வாய். பொம்மை மட்டும் இல்லை. நீயே சொல்லு அம்பாரோ, ரொட்டிக்குள்ள வச்சுச் சுட்ட பிள்ளை எங்கடி போகும்? எந்திரிச்சு நடந்தா போயிருக்கும்?

– எனக்கென்னக்கா தெரியும். ரொட்டிக்கடைக்காரி வைக்க மறந்திருப்பா.

– மறப்பாளா! முப்பது வருஷமா மூணு ராஜா திருநாளுக்கு அவகிட்டத்தான் ரோஸ்கா ரொட்டி வாங்கறேன். 'ஒரே ஒரு குழந்தை உள்ள இருக்கு எர்லிண்டா, பல்லு பத்திரம்'னு என் கையில அடிச்சுச் சொன்னா. இருந்துச்சு. இப்ப இல்லை. யாரோ ஒரு மகாராணி மெல்லாமலே உள்ள தள்ளிட்டா.

– மகாராணி நான்தான்னு நேராவே சொல்லு.

– நான் வேறயா சொல்லணும்? முன்னறையில பன்னெண்டு பேரும் அதைத்தான் சொல்றாங்க. பிலெமோன் சித்தப்பா சொன்னது காதுல விழுந்துச்சா? 'கவலைப்படாதீங்க, மெழுகுவத்தித் திருநாளுக்குள்ள குழந்தை தானா வெளிய வந்துரும்'னாரே. பசங்க தரையில உருண்டு சிரிச்சுதுங்க.

– விழுந்துச்சு.

– விழுந்தும் மரம் மாதிரி உக்காந்திருந்த. போய் ஒத்துக்கோடி. பொம்மை யார் துண்டுல வருதோ அவங்கதான் மெழுகுவத்தித் திருநாளுக்கு, பிப்ரவரி ரெண்டாந்தேதி, எல்லாருக்கும் சோளமாவுத் தமால் அவிச்சுப் போடணும். நம்ம தாத்தா காலத்து முறை. 'நான்தான் முழுங்கினேன், நானே செய்யறேன்'னு சொல்லிடு. நூத்தம்பது தமால், ரெண்டு நாள் வேலை. செத்தா போயிடுவ?

– ரெண்டு நாள் மாவோட தனியா நின்னா எனக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்க்கா.

– தெரியாம என்ன! அம்மா இருந்தப்ப ஒரு வருஷம் சோள மட்டையில வச்சுக் கட்டறதுக்கு முன்னாடியே பச்சை மாவை உருண்டை உருண்டையா முழுங்கினியே, பன்னிக் கொழுப்போட. கடைசியில எண்ணிப் பாத்தா முப்பது தமாலுக்கு மாவு இல்லை. மூணு நாள் கக்கூஸ்லயே குடித்தனம் பண்ணின. அதனாலதான் சொல்றேன். எட்டு மாசமா ஊரெல்லாம் புனிதவதி வேஷம் போட்டுத் திரியறியே, வேஷம் எத்தனை நாள் நிக்குதுன்னு பாத்துரலாம்.

– அந்த ஏப்ரனைக் குடு. தட்டை நான் கழுவறேன்.

– கையை எடு! ஏப்ரனைத் தொடாதே. நானே கழுவிக்குவேன்.

– ஒரு கையாலயா?

– வலது கையில வலி. நரம்பு இழுக்குது. பேச்சை மாத்தாதே. அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துல என்னதான் பண்றீங்க? பங்குக் கோயில் பின்னாடி கொட்டகையில இருபது குண்டம்மா வட்டமா உக்காந்து வயித்தைத் தடவிக்கிட்டு... சேசு மரி சூசை! நினைச்சாலே எனக்குக் கூச்சமா இருக்கு.

– இருபது இல்லை, பதினொண்ணு. அதுல ரெண்டு பேரு ஆம்பளைங்க. ஒருத்தன் லாரி ஓட்டறான்.

– அவனும் வயித்தைத் தடவிக்கிட்டா?

– நெஞ்சுல கை வச்சுக்குவோம். ஆண்டவர் முன்னாடி சும்மா உக்காந்திருப்போம். அப்புறம் மதர் கசில்டா சொல்லிக்குடுத்த ஒரே கேள்வி. சாப்பிடக் கை போறப்பல்லாம் அதைக் கேக்கணும். 'இப்ப யாருக்குப் பசி?'

– யாருக்குப் பசி! ஆகா, என்ன ஞானம்! எனக்குத்தான்டி பசி, பின்ன போப்பாண்டவருக்கா? பசிச்சா தின்னணும், நிறைஞ்சா நிறுத்தணும். இதுக்கு ஒரு கன்னியாஸ்திரி, ஒரு கொட்டகை, எட்டு மாசம்! மாட்டுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?

– எனக்குத் தெரியலைக்கா. நாப்பத்தாறு வயசு வரைக்கும் தெரியல.

– அதையும் வெக்கமில்லாம சொல்றா பாரு.

– மொத மாசம் கேள்வியைக் கேப்பேன், பதிலே வராது. கேட்டுக்கிட்டே ஆறு ரொட்டி தின்னுருவேன். கண்ணாடி முன்னாடி நின்னு என்னை நானே திட்டுவேன். 'திட்டாதே, பாரு. பாத்தாப் போதும்'னாங்க மதர். ஒரு நாள் சாயங்காலம், கட்டினவன் ரமிரோ வடக்கே அமெரிக்காவுக்குப் போய் ரெண்டாவது வருஷம், போனைப் பாத்தேன். மணி அடிக்கலை. கை தானா ரொட்டிப் பையைத் தேடிப் போச்சு. கையைப் பாத்தேன். அப்படியே நின்னுட்டேன். பசி வயித்துக்கு இல்லைக்கா. போனுக்கு.

– போனுக்குப் பசியாம்! இதை வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதே, பூட்டி வச்சுருவாங்க.

– சிரி. அவன் கூப்பிட்டா ஒரு ரொட்டி, கூப்பிடலைன்னா நாலு. அவ்வளவுதான் என் கதை. பாத்துட்டா, அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியல. நவம்பர்ல ஒரு தடவை சறுக்கினேன், ஒரு பானை சக்கரைவள்ளிப் பாகு. மறுநாள் திரும்ப உக்காந்தேன்.

– பாகு! அதையும் பெருமையா சொல்லு. எங்களுக்கெல்லாம் மனசே இல்லையா? உம் புருஷன் ஓடிப் போனா ஊர்ல ரொட்டி காலி. எம் புருஷன் ஓடல, அவ்வளவுதான், அந்த நாற்காலியில உக்காந்து பந்து விளையாட்டு பாத்துக்கிட்டே இருக்கான். நான் கூட்டத்துக்கா போனேன்? வாயைக் கட்டிக்கிட்டு வேலையைப் பாத்தேன்.

– நீ கெட்டிக்காரிக்கா.

– நக்கல் பண்ணாதேடி. அம்மா கண்ணை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. அவ மூணு வருஷம் படுக்கையில கிடந்தப்ப நீ எங்க இருந்த? வெராக்ரூஸ்ல கடல் பாத்துக்கிட்டு இருந்த. மாசம் ஒரு தடவை பொட்டலத்தோட வந்து ஒப்பாரி வச்சுட்டுப் போவ. சாக்லேட்ல ரொட்டி ஊற வச்சு வாயில ஊட்டினது யாரு? ஒரு கவளத்துக்கு அரை மணி. பாதி சாப்பிடுவா, அதுக்கு மேல ஒரு வாய் இறங்காது. 'மீதியை நீ தின்னுடி எர்லிண்டா, வீணாக்காதே'ன்னு கிண்ணத்தை எம்பக்கம் தள்ளுவா. மூணு வேளை, மூணு வருஷம். அப்ப யாரு எங்கிட்ட வந்து 'யாருக்குப் பசி'ன்னு கேட்டா?

– யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. அது என் தப்புதான்.

– தப்புதான்னு சொல்லிட்டா ஆச்சா? மதர் கசில்டாகிட்ட சொன்னியா இதை?

– சொன்னேன்.

– சொன்னியா?

– மொத வாரமே சொன்னேன். 'எங்கக்கா தனியா சுமந்தா, நான் வயித்தை ரொப்பிக்கிட்டு ஓடிட்டேன்'னு.

– ...எங்க குடும்பத்து அழுக்கை லாரிக்காரன் முன்னாடி கொட்டியிருக்கா. நல்லா இரு.

– எர்லிண்டா! அம்பாரோ! கதவைத் தொறங்கடி. நான் சொல்றதை யாரு கேக்கறா இந்த வீட்ல. உங்க பெரியம்மா கிளம்பறாளாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு. குற்றவாளி வாக்குமூலம் குடுத்துட்டாளா இல்லையா?

– ஒரு நிமிஷம் பிலெமோன் சித்தப்பா! வந்துக்கிட்டே இருக்கா!

– வயித்தைப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா வண்டி இருக்கு. பெட்ரோல் மட்டும் அவ போடட்டும். ஹா!

– சிரிக்கட்டும் கிழவன். கேட்டியாடி? போ. போய் ஒத்துக்கிட்டு இந்த நாடகத்தை முடி.

– போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான்தான் முழுங்கினேன்னு இவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்ற?

– உன் தட்டு காலியா இருந்துச்சே. நான்தானே தட்டெல்லாம் வாரிக்கிட்டு வந்தேன். பொட்டு பொடி இல்லை. நக்கி வச்ச மாதிரி.

– நான் பாதிதான்க்கா சாப்பிட்டேன்.

– பொய்.

– ரெண்டு வாய் தின்னேன், மூணாவதுக்கு யாருக்குப் பசின்னு கேட்டேன், யாருக்கும் இல்லை. மீதியை அப்படியே தட்டுல விட்டுட்டு, கை கழுவ கொல்லைக்குழாய்க்குப் போனேன். பெரியம்மா பாத்தாங்க. 'என்னடி, மிச்சம் வைக்கறியா, உடம்பு சரியில்லையா'ன்னுகூட கேட்டாங்க. வேணும்னா கூப்பிடு, கேப்போம்.

– ...அவளுக்குக் கண்ணு எங்க தெரியுது.

– தட்டு முன்னறையில இருக்கறப்ப பாதி ரொட்டி இருந்துச்சு. இந்தக் கழுவற தொட்டிக்கு வந்தப்ப காலி. நடுவுல தட்டு உன் கையிலதான் இருந்துச்சு.

– அதனால? என்ன சொல்ல வர்ற? என்னைத் திருடிங்கறியா? எம் வீட்ல, எம் காசுல வாங்கின ரொட்டிக்கு?

– கொல்லைக் கதவு தொறந்துதான்க்கா இருந்துச்சு. குழாய்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அஞ்சு தட்டு. மொதல்ல பசங்க விட்ட ஓரம். அப்புறம் சித்தப்பாவோட எச்சில் துண்டு, மீசை முடியோட. கடைசியில என்னோடது. நின்னுக்கிட்டே, கண்ணை மூடிக்கிட்டு. மென்னு மென்னு திடீர்னு நிறுத்தின. வாயிலேருந்து எதையோ எடுத்துப் பாத்த. அப்புறம் ஏப்ரன் பையில போட்டுக்கிட்ட. அதுலேருந்து அந்தக் கை வெளிய வரலை.

– கொல்லையில நின்னு ஒளிஞ்சு பாக்கறதுதான் உங்க மதர் சொல்லிக்குடுத்த ஜெபமா? த்தூ. நாயும் பூனையும் பண்ற வேலை.

– எடுத்து வையிக்கா.

– எதை எடுத்து வைக்க? எடுத்துக் காட்டினா எங்க கிடைச்சுதுன்னு கேக்க மாட்டாங்களா? எம் துண்டை எல்லாரும் பாக்கத்தானே தின்னேன். அதுல இல்லை. 'அப்புறம் எங்க கிடைச்சுது எர்லிண்டா?'ம்பாங்க. கழுவற தொட்டியிலயா? மத்தவன் தட்டுலயா? எம் மருமக அந்த அறையில இருக்கா. அவ முன்னாடி எச்சில் தட்டு நக்கினேன்னு சொல்லவா? நீ முழுங்கினேன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. உனக்குப் பழகின பேரு. எனக்கு அப்படியா?

– எனக்கும் பழகலைக்கா. ஒவ்வொரு தடவையும் வலிக்கும்.

– அப்ப ஏன்டி அவங்க சிரிச்சப்ப வாயைத் தொறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம் மானம் அங்கயே போயிருக்குமே. எட்டு மாசமா உன்னை எப்படியெல்லாம் பேசியிருக்கேன். நல்லா பழி வாங்கியிருக்கலாமே!

– வாங்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. புனிதவதியெல்லாம் இல்லை நான். கை கழுவிக்கிட்டே, எப்படிச் சொன்னா உனக்கு ரொம்ப வலிக்கும்னு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன். அப்பதான் நீ வாயில போட்டுக்கிட்டே அழுதுக்கிட்டு இருந்ததைப் பாத்தேன். நீ அழறது உனக்கே தெரியலை.

– நான் அழலை.

– சரி.

– வெங்காயம் நறுக்கினேன் காலையில.

– சரிக்கா. பொம்மையைக் குடு.

– ...இந்தா. ஒரு கால் உடைஞ்சிருக்கு. கடிச்சுட்டேன்.

– அடியே பெண்களா! பெரியம்மா செருப்பு மாட்டியாச்சு. நான் சொல்றதை யாரு கேக்கறா! முழுங்கினது யாருன்னு தெரியாம நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்.

– யாரும் முழுங்கலை சித்தப்பா. இந்தாங்க, பாருங்க. என் துண்டுலதான் இருந்துச்சு.

– உன் துண்டுலயா? அப்ப இவ்வளவு நேரம் ஏன்டி ஒளிச்சு வச்ச, கஞ்சப்பிசினாறி? தமால் போடணுமேன்னு தானே? எல்லாரும் கேளுங்க, குழந்தை கிடைச்சுருச்சு! அம்பாரோதான்! கால் ஒடிஞ்சிருக்கு, கடிச்சிருக்கா பாவி!

– பிப்ரவரி ரெண்டாந்தேதி எல்லாரும் வந்துருங்க சித்தப்பா. தமால் என் கணக்கு.

– வராமலா? காலி வயித்தோட வருவேன்.

– ...போயிட்டாரா?

– போயிட்டாரு.

– உன் துண்டுலதான் இருந்துச்சுன்னு சொன்ன. பொய் சொல்லாமலே என்னைக் காப்பாத்திட்ட. இதுக்கும் மதர் கசில்டா பாடம் எடுத்தாங்களாக்கும்.

– உனக்கு நன்றி சொல்ல வராதுன்னு எனக்குத் தெரியும், விடு. ஆனா மாவு பிசையறப்ப நீ வரணும். ரெண்டு நாளும். என் கையை நீ பாத்துக்கோ, உன் கையை நான் பாத்துக்கறேன்.

– எங்கையை யாரும் பாக்க வேணாம். இன்னைக்கு ஏதோ... அசதி. விருந்து நாள். எல்லாப் பொம்பளையும் அடுக்களையில பண்றதுதான்.

– இன்னைக்கு மட்டுமாக்கா?

– அந்தப் பானை மூடியைத் தொறந்து பாரு. இன்னொரு துண்டு இருக்கு, சித்தப்பா வெட்டறதுக்கு முன்னாடியே எடுத்து ஒளிச்சு வச்சேன். எடுத்துட்டுப் போயிரு. எங்கண்ணுல படாம எடுத்துட்டுப் போடி, உனக்குப் புண்ணியமாப் போகும். ரெண்டு வருஷமா இதே கூத்துதான். பாதி தட்டைக் கண்டா எனக்கு உடம்பே நிக்க மாட்டேங்குது.

– எடுத்துட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளு.

– என்னத்தை?

– தெரியாத மாதிரி கேக்காதே. அதே கேள்விதான்.

– பைத்தியம்! அம்பது வயசுல அடுக்களையில நின்னு வயித்துகிட்ட பேசச் சொல்றியா? சிரிச்சேன்னு வை, கரண்டியாலயே போடுவேன்.

– சிரிக்க மாட்டேன். நெஞ்சுல கை வச்சுக்கோ. துண்டைப் பாரு. யாருக்குப் பசி?

– யாருக்கும் இல்லை. போதுமா?

– அவசரப்படாதேக்கா. பாரு.

– அம்மாவுக்குடி. அவ இன்னும் பாதிதான் சாப்பிட்டிருக்கா.