குமுதா வைத்த கையெழுத்து

— ஃபோன்ல சார்ஜ் தீந்துருச்சு அங்கிள், இப்பத்தான் நர்சுகிட்ட வயர் வாங்கி...

— அத விடுங்க. என் மக உசுரோட இருக்காளா?

— இருக்கா. ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சுட்டா.

— பேசுறாளா?

— பேசுறா. மொத வார்த்தையே, ‘ஈப்போவுக்குச் சொல்லிராத குமுதா, அப்பா பயந்துருவாரு’ன்னா.

— ஐயோ தினேஸ்வரி... பயந்துதான் போனேன். காலையில நீங்க போன் அடிச்சப்ப ரெண்டு தடவ கட் பண்ணேன். உங்க பேரப் பாத்தாலே நாலு வருசமா அப்படித்தானே செய்யிறேன். அப்புறந்தான் மெசேஜப் படிச்சேன். சைக்கிள்ல போனவள காரு மோதிருச்சு, மண்டைக்குள்ள ரத்தம்னு. வொர்க்‌ஷாப்ப தொறக்கவே இல்ல. போன கையில வச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்துருக்கேன் லா.

— இனிமே பயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு அங்கிள்.

— மண்டையத் தொறக்க யாரு சம்மதம் குடுத்தா? பெத்தவன் நான் இங்க மலேசியாவுல இருக்கேன். என்னைய ஒருத்தரும் கேக்கலையே.

— அரைமணி நேரத்துல முடிவு சொல்லணும்னாங்க. நான் சைன் வச்சேன்.

— மெல்பர்ன்ல கூட்டாளியெல்லாம் சைன் வைக்கலாமா?

— கூட்டாளி இல்ல அங்கிள். நாங்க இங்க சட்டப்படி கல்யாணம் பதிஞ்சு ரெண்டு வருசமாச்சு. ஃபாரத்துல ‘மனைவி’ன்னு எழுதுனேன்.

— எழுதவும் என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. எங்க சைன் வைக்கணும்னு நர்சு வெரலால காட்டுச்சு.

— யாரும் சிரிக்கல?

— யாரும் சிரிக்கல. நாற்காலி போட்டு, தேத்தண்ணி கலக்கிக் குடுத்தாங்க. விசயம் தெரிஞ்சதும் ஊருல, பாகான் செராய்ல, எங்க அம்மாவே எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல அங்கிள்.

— சைன் வைக்கிறப்ப பயமா இல்லையா உங்களுக்கு?

— பயந்தேன். ஏதாச்சும் ஆயிருந்தா, என் மகளக் கொன்னவ நீதான்னு சொல்லியிருப்பீங்க.

— சொல்லியிருப்பேன்தான்.

— தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்.

— ...சாப்பிட்டியாம்மா?

— இன்னும் இல்ல.

— போயி ஏதாச்சும் தின்னு மொதல்ல. அவ எந்திரிக்கிறப்ப நீ படுத்துறக்கூடாது.

— அழுறீங்களா அங்கிள்?

— இல்லலா. நாளைக்கு பிளேன் எடுக்குறேன்.

— வாங்க, நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம். ஒரே ஒரு விசயம். அந்த வார்டுக்குள்ள குடும்பத்த மட்டுந்தான் விடுறாங்க. நீங்க அப்பான்னு காட்ட அவ பிறப்புப் பத்திரத்த எடுத்துட்டு வந்துருங்க.

— அதுல என் பேரு இல்லம்மா.

— என்ன சொல்றீங்க?

— சிலிம் ரிவர் தோட்டத்துக் கோயில்ல அவ அம்மாவுக்குத் தாலி கட்டுனேன். கல்யாணத்த ஆபீசுல போயி பதியணும்னு யாரும் சொல்லல, எனக்கும் தெரியல. புள்ள பொறந்தப்ப அப்பா பேரு எடத்துல கோடு போட்டுட்டாங்க. அவ அம்மாவும் போய்ச் சேந்துட்டா, இப்ப சட்டத்துல அவளுக்குச் சொந்தம்னு இருக்கிறது நீ ஒருத்திதான். நான் யாருன்னு அவங்ககிட்ட நீதாம்மா சொல்லணும்.