பானுமதி அக்கா எழுதிக் கொடுக்காத உறுதிமொழி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, நம் மலையின் பெரக்கரை நாட்டு, குண்டூர் நாட்டு ஊர்களிலிருந்து காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நமது மலை வானொலியில் தினமும் மாலையில் உங்களைச் சிரிக்க வைக்கும் ஆர்த்தி பேசுகிறேன். இன்று இந்த இரங்கல் கூட்டத்தில் சிரிக்க வைக்க முடியாது. அழ வைக்கவும் தெரியவில்லை. பிறகு எதற்கு மைக் பிடித்தேன் என்றால், அதுவும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

வானொலியின் நிலையத் தலைவர், நம் மலையின் குரல், பானுமதி அக்கா போன வியாழக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு முந்தைய வாரம் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரோடு இல்லாமல், பிரசவ வலியில் துடித்த மகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கியதையும், பிறந்த குழந்தை வழியிலேயே இறந்ததையும் ஆயம்மாள் அத்தை நம் வானொலியில் சொன்னாரே, அந்தப் பேட்டி ஒருதலைப்பட்சமாம். இனி அரசைக் குறை சொல்லும் எதையும் ஒலிபரப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பார்களாம். அந்தப் பேட்டி ஒலித்த அதே வாரம், மலைக்குப் புது ரோடு வந்துவிட்டது என்று புகழ்ந்து ஒருவர் பேசினார். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. ரோடு வந்தது என்றால் செய்தி, வரவில்லை என்றால் வதந்தியா?

புகழ்ந்தவர் இதோ மேடையில் இருக்கும் ரோடு ஒப்பந்ததாரர் அர்த்தனாரி மாமா. மன்னியுங்கள் மாமா, உங்கள் நான்கு நிமிடப் பேச்சை ஒரு நிமிடமாக வெட்டி, நடுவில் எருமைக் கத்தலைச் சேர்த்தது நான்தான். மலையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"ஏங்கண்ணு, அவரு பேசுனது உனக்குப் புடிக்கலையா?"

"அத்தனையும் பொய்யிங்க அக்கா."

"பொய்யின்னா நீ பதில் பேசு, உனக்கும் நாலு நிமிசம் தாரேன். நமக்குப் புடிக்காததை நாம வெட்டிப்போட்டா, நாளைக்கு நம்மளை வெட்டறவங்களை எந்த வாயில கேக்கறது சாமி?"

மறுநாள் மாமாவின் பேச்சு முழுதாக ஒலித்தது. எருமைக்குத்தான் மறுவாய்ப்புக் கிடைக்கவில்லை. ஏனுங்க, இப்படிப்பட்டவரா ஒருதலைப்பட்சம்?

பதில் அனுப்ப நாளை கடைசி நாள். அக்காவின் மேசையில் தேடினேன். "ஐயா, வணக்கம்" என்று தொடங்கிய ஒரு தாள் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. இப்படியா விட்டுவிட்டுப் போவது அக்கா?

இன்று காலையில் அர்த்தனாரி மாமா, "எழுதிக் குடுத்துரு கண்ணு, ரேடியோவாச்சும் பொழைக்கட்டும்" என்றார். தப்பு என்று சொல்ல முடியவில்லை. வானொலி நின்றுபோனால், மழை நாளில் பஸ் எந்த வளைவில் மாட்டியிருக்கிறது, மிளகு என்ன விலை என்று யார் சொல்வது? பக்கத்தில் இருந்த ஆயம்மாள் அத்தை கேட்டார், "எம்பேத்தி செத்ததைச் சொல்லக் கூடாதுன்னா, அந்த ரேடியோ எனக்கு எதுக்கு?"

இப்போதும் எனக்கு முழுதாகத் தெளியவில்லை. அந்த உறுதிமொழியை அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுத முடியாது என்பது மட்டும் தெரிகிறது. நாளை காலை ஏழு மணிக்கு அரசின் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் வாசிப்போம். அலுவலகத்தார் வந்தால் அவர்களும் பேசட்டும். உறுதிமொழி தர மாட்டோம் என்ற மறுப்புக் கடிதம் இந்த மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. எனக்கு வயது பதினாறு, செல்லாது என்பார்கள். செல்லுகிற கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. அர்த்தனாரி மாமா, கையெழுத்து வேண்டாம் என்று நீங்கள் பேச விரும்பினால் மைக்கைத் தருகிறேன்.

ஆயம்மாள் அத்தை கையெழுத்துப் போட எழுந்துவிட்டார். கொஞ்சம் வழி விடுங்க.