கீழே போகக் கூடாத இருப்பு

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவற்றை மேலே தாங்களே எழுதிக்கொண்டீர்கள். வயது முப்பத்துநான்கு. மருந்துக் கிடங்கில் பில் போடும் வேலை. சரக்கு வருவதையும் போவதையும் கவனிக்கும் மென்பொருளுக்குக் கட்டளை எழுத இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த ஸ்டேஷன் லாக்கப்பில் இருப்பவர் என் கணவரின் தம்பி, அதே கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அவர் திருடன் இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், போகப் போக எனக்குக் குழம்பிவிடும்.

பில் போட இனி ஆள் வேண்டாம், மென்பொருள் பழகினால் வேலை நிலைக்கும் என்று மேனேஜர் சொன்னதால் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு திரையில்தான் நடந்தது, வாத்தியாரை நேரில் பார்த்ததில்லை. கிடங்கு, லாரி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டு இணைத்து, இதுதான் மாடல் என்றார். பாதி தலைக்கு மேல் போனது. அதன் பிறகு, "பாதுகாப்பு இருப்புன்னு ஒன்னு வைக்கணும், அதுக்குக் கீழ சரக்கு போகவே கூடாது" என்றார். பாதுகாப்பு என்றால் பத்திரமாக வைப்பதுதானே? எனவே அந்த அளவைத் தொட்டதும் 'இருப்பு இல்லை' என்று காட்டி, குளிர் அறைக் கதவைப் பூட்டும்படி ஒரு வரி எழுதினேன். சோதனை ஓட்டத்தில் சரக்கு தீரவே இல்லை, மேனேஜர் கை தட்டினார். வெளியே விட்டால்தானே தீரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு, ஆர்டர் இல்லாமல் சரக்கு குறைந்தால் என்ன காரணம் காட்டுவது என்று மென்பொருள் கேட்டது. சேதம், காலாவதி, திருட்டு என்று மூன்றுதான் இருந்தன, ஒன்றை அமுக்காமல் அடுத்த பக்கம் போக விடவில்லை. போய்த் தொலை என்று திருட்டை அமுக்கினேன்.

நேற்று மாலை பாம்புக்கடி மருந்து கேட்டு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. கொழுந்தன் எனக்குப் போன் செய்து, "அண்ணி, கண்ணாடி வழியா பெட்டி பெட்டியா தெரியுது, உங்க கம்ப்யூட்டர் இல்லைங்குது. எனக்குக் கண்ணு போச்சா, அதுக்குப் போச்சா?" என்றார். அது பாதுகாப்பு இருப்பு, தொடக் கூடாது என்றேன். "யாருக்கு அண்ணி பாதுகாப்பு?" என்றார். பாடத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நிஜமாகவே பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அவர் கம்பியால் கதவை நெம்பி மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

காலையில் திரையில் சிவப்பு எழுத்தில் திருட்டு என்று வந்தது, மேனேஜர் புகார் கொடுத்தார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று கேட்டார். அந்தப் பொய்யை அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு அந்த வரியைக் காட்டலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். அந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி, கோர்ட் பார்க்கும்வரை தொடாதே, போட்டோவெல்லாம் நிற்காது என்று தாங்கள் சொன்னீர்கள்.

தாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி டிரைவர் எனக்குப் போன் செய்தார். நேற்று பாம்பு கடித்த ஆளுக்கு விஷம் இறங்கவில்லை, இன்னும் மருந்து வேண்டும், கதவைச் சரிசெய்து மறுபடி பூட்டிவிட்டார்கள், மேனேஜர் போனை எடுக்கவில்லை, ஸ்டோர் கீப்பர் உள்ளே போனதைப் பார்த்த பிறகு ஒருவரும் கம்பியைத் தொட மாட்டேன் என்கிறார்கள் என்றார். இங்கிருந்தே லேப்டாப்பில் அந்த வரியை அழித்தால் கிடங்கில் கதவு திறக்கும், சாட்சி போய்விடும். லாக்கப்பிலிருந்து கொழுந்தன், "அழிங்க அண்ணி, நான் எங்க போயிடப் போறேன்?" என்றார்.

அழித்தேன். கதவு திறந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். எழுதியது குற்றமா, அழித்தது குற்றமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தாங்கள் படித்துக் காட்டியதைக் கேட்டேன். கொழுந்தன் தூண்டியதன்பேரில் அழித்ததாக ஓர் இடத்தில் இருந்தது, அதை அடிக்கச் சொன்னேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் விரல் அமுக்கிவிட்டது. மற்றபடி எல்லாம் உண்மை.

(ஒப்பம்)