பச்சை வயர்

—அது பொருந்தாது தங்கச்சி. நீங்க கேக்குற பிராசசருக்கு இந்த போர்டு சேராது. ரெண்டுக்கும் கால் அமைப்பே வேற. அமுக்கி மாட்டினோம்னா ரெண்டுமே போச்சு.

—அப்ப எது சேருமோ அதக் குடுங்கண்ணே.

—குடுக்கேன். கேளுங்க, மொதல்ல என்ன வேலைக்குன்னு சொல்லணும். வீட்டுல படம் பாக்க, புள்ளைக படிக்கன்னா இம்புட்டு பெரிய மிசின் தேவையே இல்ல.

—அனிமேசன் வேலைக்கு. பொம்மைய கம்ப்யூட்டர்லயே செஞ்சு நடக்க விடுவாகல்ல, அது.

—அப்படின்னா சரி. இந்த போர்டு எடுத்துக்கிடுங்க. ராம் குச்சி இதுக்குப் புதுசுதான் ஏறும். பழச வீட்டுல வச்சிருந்தாலும் ஏறாது, வெட்டு எடம் தள்ளியிருக்கும். கேபினெட் பெருசாப் போடுவோம். படத்துக்குன்னு போடுற கிராபிக்ஸ் கார்டு நீளம், சின்னப் பெட்டிக்குள்ள அடங்காது. முன்னாடி வலை வச்சதாப் பாக்கணும். நம்மூருல மில்லு பஞ்சு காத்தோட வந்து ஃபேன்ல அடைஞ்சிரும்.

—எங்களுக்கு ஊரு ராஜபாளையம் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்.

—அங்கயும் தூசி இருக்குல்ல. வலை இருக்கட்டும்.

—பொறவு?

—பொறவுதான் முக்கியமானது. எஸ்.எம்.பி.எஸ். செவத்துல இருந்து கரண்ட வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் அதது தாங்குற அளவுக்குப் பிரிச்சுக் குடுக்குறது இதுதான். இந்த கார்டுக்கு இந்த டப்பா. இதுக்குக் கீழ எறங்க முடியாது.

—அந்தா அலமாரி மேல ஒண்ணு இருக்கே. பாக்க அதே மாதிரிதான இருக்கு?

—அது வேற. பில்லு அடிக்கிற மிசினுக்குப் போடுறது.

—அதையே போட்டுக் குடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?

—எனக்குத் தெரியுமே.

—கேக்குறவுகளுக்கு நீங்க குடுப்பீகன்னு சொன்னாங்க.

—எவன் சொன்னான்? கேளுங்க தங்கச்சி, அந்த டப்பாவ இந்த கார்டோட மாட்டினா சூடு தாங்காது. நாறும், பொகையும். உங்களுக்கு அதுதான் வேணும்னா வேற கடையில வாங்கிக்கிடுங்க. என் கையால மாட்ட மாட்டேன். விசயம் என்னன்னா... செத்த நேரம் இருங்க. இந்த போர்டு, இந்த கார்டு, இந்த கேபினெட். அனிமேசன். இதே செட்டு நான் ஒருத்தருக்குப் போட்டுக் குடுத்துருக்கேன்.

—யாருக்கு?

—சுந்தரபாண்டியத்துல ஒரு தம்பிக்கு.

—அவன் பேரு?

—நீங்க யாரு தங்கச்சி?

—பேரச் சொல்லுங்கண்ணே.

—ஜெபின்.

—நான் அவன் அக்கா. வின்சி.

—உக்காருங்க. தண்ணி குடிக்கீகளா?

—வேண்டாம்.

—நான் அடக்கத்தன்னைக்கு வந்தேம்மா. தெருமொனை வரைக்கும் வந்தேன். உங்கப்பா என்னப் பாத்துட்டு, என் மகனக் கொன்னவன் மாலையோட வாரான்னு கத்தினாரு. நாலு பேரு வந்து திருப்பி அனுப்பிட்டாங்க. மாலைய வண்டியிலயே வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி பாண்டீஸ்வரி அதக் கிணத்துல போட்டா.

—உங்க வாயால கேக்கணும்னுதான் யாரோ மாதிரி வந்தேன். மட்டமான டப்பாவக் கேட்டா எடுத்துக் குடுப்பீக, அப்ப இதத் தூக்கி மேசையில வைக்கணும்னு இருந்தேன். இந்தாங்க. அவன் மிசின்ல இருந்த டப்பா.

—என் ஸ்டிக்கர்தான். தேதிய நாந்தான் எழுதியிருக்கேன். நீங்களே பாருங்க, இப்ப உங்களுக்கு எடுத்து வச்ச டப்பாவும் இதுவும் ஒண்ணா இல்லையா?

—ஒண்ணுதான்.

—ஒரு எழுத்து மாறலையே?

—இல்ல. நல்ல பொருள்ல கோளாறே வராதா? உள்ள ஏதாவது அத்துப் போயிருக்கும். கேபினெட் பூராவும் கரண்டு நின்னுருக்கு. அவன் உள்ளங்கை கருகிப்போய்க் கெடந்துச்சு, நான் பாத்தேன்.

—வரும். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மீட்டர் வச்சே பாத்துருவோம். உள்ள கரண்டு வார பேஸ் வயர் இந்தத் தகரத்தத் தொட்டுருந்தா மீட்டர் கத்தும். மொதல்ல ரெண்டு முள்ளையும் ஒட்ட வைக்கேன், சத்தத்தக் கேட்டுக்கிடுங்க. கேட்டுச்சா? இப்ப பேஸ் காலையும் தகரத்தையும் தொடுதேன். சத்தம் இருக்கா?

—இல்ல.

—இப்ப இந்தக் கால்.

—இல்ல.

—நீங்களே முள்ளப் பிடிங்க. எங்க வேணும்னாலும் வச்சுப் பாருங்க.

—சத்தமே வரலையே. அப்ப ஏண்ணே என் தம்பி செத்தான்?

—அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. நீங்க சொல்லுங்க.

—நான் பேண்டேஜ் கம்பெனியில இருந்தேன். அப்பாவுக்கு மில்லுல டூட்டி. மத்தியானம் மலைப்பக்கமிருந்து காத்தும் மழையுமா வந்துச்சு. ஜெபின் போன் பண்ணினான். அக்கா, நம்ம வீட்டுல மட்டும் கரண்டு இல்லன்னான். எதுத்த வீட்டுல டிவி ஓடுது, நமக்கு மட்டும் போச்சு, யூ.பி.எஸ் கத்திக்கிட்டே கெடக்கு, பேட்டரி தீருறதுக்குள்ள மிசின நிறுத்திட்டு வாரேன், லைன்லயே இருன்னான். கொடியில கெடந்த துணிய எடுக்க மழையில ஓடிட்டு வந்திருக்கான். கால் ஈரம். நான் லைன்லயே இருந்தேன். அவன் கத்தக்கூட இல்லண்ணே. போன் கீழ விழுந்த சத்தந்தான். பொறவு யூ.பி.எஸ் கத்துறது மட்டும் கேட்டுச்சு.

—உங்க வீட்டுல மட்டுந்தான் கரண்டு இல்லையா?

—ஆமா. மறுநாளு லைன்காரர் வந்து, மீட்டர் பொட்டியில ஒரு வயர் கழண்டு கெடக்குன்னு மாட்டிட்டுப் போனாரு.

—எந்த வயரு? கறுப்பா?

—கறுப்புதான். எதுக்குக் கேக்கீக?

—அந்த மிசினுக்கு கரண்டு எடுத்த பிளக் பாயிண்ட யாராச்சும் கழத்திப் பாத்தாகளா?

—நாந்தான் நேத்து திருகாணியக் கழத்தி படம் எடுத்தேன். கேஸ் போடணும்னா எல்லாத்துக்கும் படம் இருக்கணும்னாங்க. இந்தா, போன்ல இருக்கு.

—பெருசாக்குங்க. இன்னும். அந்த மேல் ஓட்டைப் பக்கம் தள்ளுங்க.

—என்னண்ணே? மொகம் ஏன் இப்படிப் போகுது?

—தங்கச்சி, நீங்க கேஸே போட்டுக்கிடுங்க. வீட்டுக்குப் போங்க.

—பாதியில விட்டா நான் போவேனா? சொல்லுங்க.

—மூணு ஓட்டை இருக்குல்ல. இது பேஸ், கரண்டு வாரது. இது நியூட்ரல், கரண்டு திரும்பிப் போறது. மேல பெருசா இருக்கறது எர்த்து. அதுக்குச் செவத்துக்குள்ள இருந்து ஒரு பச்சை வயர் வரணும். அது மண்ணுக்குப் போகும். பெட்டியில கரண்டு கசிஞ்சா மனுசன் மேல ஏறாம மண்ணுக்குள்ள எறங்கிரும். உங்க வீட்டுச் செவத்துல பச்சை வயரே வரல. பழைய வீடு, எர்த்தே கெடையாது.

—படத்துல பச்சையா ஒண்ணு தெரியுதே.

—அது செவத்துல இருந்து வரல. வெரல் நீளத் துண்டு. எர்த்து ஓட்டையில இருந்து கெளம்பி பக்கத்து நியூட்ரல்லயே முடியுது. ரெண்டையும் சேத்து முறுக்கி விட்டுருக்காங்க.

—சேத்தா என்ன?

—நியூட்ரல் ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஓடும். அன்னைக்குக் காத்துல மீட்டர் பொட்டியில கழண்ட கறுப்பு வயருதான் நியூட்ரல். வீட்டுக்குள்ள லைட்டு வழியா, பிரிட்ஜ் வழியா வந்த கரண்டுக்குத் திரும்பிப் போகப் பாதை இல்ல. அதான் வீடு இருட்டாயிருச்சு. ஆனா கரண்டு சாகலம்மா, உள்ளயே நின்னுச்சு. அது இந்தப் பச்சைத் துண்டு வழியா எர்த்து ஓட்டைக்கு வந்து, யூ.பி.எஸ் வழியா கேபினெட் தகரம் பூராவும் ஏறி நின்னுருக்கு. ஈரக் காலோட சிமெண்டுத் தரையில நின்னு தம்பி அதத் தொட்டுருக்கான்.

—இந்த முறுக்கு.

—என்ன?

—வயர மூணு சுத்துச் சுத்தி நுனிய உள்ள மடக்கி விட்டிருக்குல்ல. எங்க வீட்டு மிக்சி, அயர்ன் பாக்ஸ், கோயில் மைக் செட்டு எல்லாத்துலயும் இந்த முறுக்குதான்.

—யாரு போட்டது?

—நீங்க மிசின் மாட்டிட்டுப் போன அன்னைக்கு யூ.பி.எஸ்ல ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சாம். லைன்ல கோளாறு இருக்கு, அந்த லைட்டு அணையாம ஓட்டக் கூடாதுன்னு நீங்க சொன்னதா ஜெபின் சொன்னான். அப்பா மில்லுல எலக்ட்ரிசியன். மறுநா டூட்டி விட்டு வந்து, சட்டையக்கூடக் கழத்தாம உக்காந்து சரி பண்ணினாரு. லைட்டு அணைஞ்சிருச்சு. ஜெபின் அவரு கன்னத்துல முத்தம் குடுத்தான். வளந்த பயலுக்கு வெக்கமே இல்ல பாருன்னு அம்மா சிரிச்சா.

—சாயங்காலம் எனக்கும் போன் பண்ணினான், லைட்டு அணைஞ்சிருச்சுண்ணேன்னு. அப்ப ஓட்டு தம்பின்னேன். எப்படி அணைச்சீங்கன்னு நான் ஒரு வார்த்த கேக்கல. எர்த்து இல்லன்னா மண்ணுல குழி தோண்டிக் கம்பி எறக்கணும், ஒரு சாயங்காலத்துல முடியுற வேலையில்ல. அது எனக்குத் தெரியும். கேட்டுருக்கணும்.

—ஆண்டவரே.

—தண்ணி குடிங்கம்மா. இந்தாங்க.

—அண்ணே, அப்பா வெளிய நிக்காரு.

—எங்க?

—எதுத்த டீக்கடையில. உள்ள போய் அவன் வாயால வாங்கிட்டு வா, அது வரைக்கும் நான் இங்க நிக்கேன்னாரு. ஜெபின் போனதுல இருந்து சாப்பாடு கெடையாது, தூக்கம் கெடையாது. போன வாரம் பூச்சி மருந்துப் பாட்டிலோட தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு. அம்மா கால்ல விழுந்து பிடுங்கினா. நான் போயிட்டா அந்தக் கடைக்காரன யாரு கேப்பான்னு அவராத்தான் எந்திரிச்சு வந்தாரு. உங்க மேல உள்ள கோவத்துலதான் உசிரோட இருக்காரு. காலையில எந்திரிக்கிறது அதுக்காகத்தான்.

—என்ன சொல்ல வாரீங்கன்னு புரியுது. சொல்லாதீங்க.

—அந்த டப்பாலதான் கோளாறுன்னு சொல்லிருங்கண்ணே.

—தங்கச்சி.

—கேஸ் போட மாட்டோம். அத நான் பாத்துக்கிடுதேன். அவருகிட்ட மட்டும் சொல்லுங்க.

—அவருகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நாளைக்கு எவன் இந்தக் கடைப் படி ஏறுவான்? அத விடுங்க. எனக்கும் ஒரு பய இருக்கான். உங்கப்பன் ஒருத்தரக் கொன்னுட்டானாமேன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா அவன் என்ன சொல்லுவான்?

—உங்க கால்ல விழுதேண்ணே.

—எந்திரிங்க, கூட்டம் பாக்குது. கேளுங்க, நீங்க உள்ள வரும்போது நான் கொலைகாரன்னுதான வந்தீக? இல்லன்னு இப்ப உங்க கண்ணாலயே பாத்தாச்சு. பாத்துட்டும் கொலைகாரனாவே இருந்துட்டுப் போங்கிறீக. எப்படிம்மா?

—நியாயம் இல்லதான். எனக்கு வேற வழி தெரியல. தம்பியக் குடுத்துட்டேன். அப்பாவையும் குடுக்க முடியாது.

—முடியாதும்மா. என்ன மன்னிச்சிருங்க. செய்யாததச் செஞ்சேன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. உங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல, அந்தப் படத்தையும் காட்டல. அம்புட்டுதான் என்னால முடியும்.

—அந்தா வந்துட்டாரு. அப்பா, நீங்க ஏன் உள்ள வந்தீக? நாந்தான் வாரேன்னேன்ல?

—ஏட்டி, நான் எம்புட்டு நேரம் அங்கயே நிக்க? இவன் என்னதான் சொல்லுதான்?

—வாங்கய்யா. உக்காருங்க.

—உக்கார வரல. ஏலே, சுயம்புலிங்கம், ஒன் கடைய ஒடைக்கவும் வரல. அடிக்கிற தெம்பும் எனக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

—கேளுங்கய்யா.

—அந்த டப்பாவுக்குள்ள பேஸ் தகரத்தத் தொட்டுருக்கு. அப்படித்தான?

—அய்யா...

—அப்படித்தாம்லே இருக்கணும். நானும் வயரு பாக்குறவன்தான். கண்ண மூடினா அந்த லைன் பூராவும் ஓடுது. மீட்டர்ல இருந்து பிளக் வரைக்கும் வாரேன், பிளக்குக்கிட்ட வந்ததும் முழிச்சிருதேன். வேற எங்கயும் தப்பு இருக்க முடியாதுல்லா? செவத்துப் பக்கம், பிளக்குப் பக்கம்... அங்க ஒண்ணும் இருக்காதுல்லா? சொல்லு தம்பி. நீ தொழில் தெரிஞ்சவன். நீ சொன்னா நான் நம்பிருதேன்.

—அப்பா, போதும், வாங்க போவோம்.

—நீ சும்மா இரு வின்சி. அவன் சொல்லட்டும். சொல்லுய்யா. அந்த டப்பாதான?

—ஆமாங்கய்யா. டப்பாலதான் கோளாறு. நான் மாட்டினதுதான்.