தலைப்பு முடிவாகாத நாற்பது பெட்டிகள்

நீங்கள் வெயில் தாழ வந்திருக்கலாம். தியாகதுருகத்தில் பகல் மூன்று மணிக்குத்தான் கோட்டைப் பாறையின் சூடு தெருவுக்குள் இறங்கும். மோர் குடியுங்கள். எழுத வசதியாக அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என்னை இடைநீக்கம் செய்த இந்த ஏழு மாதத்தில், இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்த முதல் ஆள் நீங்கள்தான்.

விசாரணை அதிகாரியாக நீங்கள் தேடி வந்தது லஞ்சம். அது கிடைக்காது. பதினேழு வருடம் துறைமுகத்தில் சுங்க மதிப்பீட்டாளனாக இருந்தேன். எவரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

என் வேலை எளிமையானது. கப்பலில் வந்த பொருள் இன்னது என்று கண்டு, சுங்க அட்டவணையில் உரிய தலைப்பில் சேர்க்க வேண்டும். காகிதத்துக்கு ஒரு தலைப்பு, துணிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு வேறொன்று. மூன்றும் கலந்திருந்தால், அதை அந்தப் பொருளாக ஆக்குவது எது என்று பார்க்க வேண்டும். கிழித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

போன வருடம், எண்பத்தேழு பிப்ரவரியில், நாற்பது பெட்டிகள் வந்தன. பிள்ளை பெற்ற பெண்கள் வைத்துக்கொள்ளும், கிருமி நீக்கிய நாப்கின்கள். மேலே மெல்லிய துணி, உள்ளே மரக்கூழ்ப் பஞ்சு, அடியில் பிளாஸ்டிக் தாள். கல்வராயன் மலையில் ஒரு சிறிய மருந்தகத்துக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று தானமாக அனுப்பியிருந்தது. தானத்துக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் தலைப்பு முடிவான பிறகுதான் சலுகை. பெட்டிகளை எடுத்துப்போக மருந்தகத்து நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி வந்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு இப்போதும் காலையில் ஒரு பஸ்தானா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"இன்னா சார், நம்ம பக்கமா நீங்க? எனக்கு ரிஷிவந்தியம். பேரப் பாத்ததுமே நெனச்சேன். கொளஞ்சியப்பன்னு இந்த ஊர்ல யாரு பேரு வெக்கப் போறாங்க?"

அம்மா இறந்த பிறகு என் பெயரை முழுதாக ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அலுவலகம், மெஸ், அறை. ஞாயிறு முழுக்கப் பேசாமல் கிடந்துவிட்டு, திங்கள் காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அவர் இருபது நிமிடம் பேசினார். மலையில் பெண்கள் பழைய துணியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள் என்றார். "மழ காலத்துல அது காயவே மாட்டேங்குது சார். ஈரத்தோட வெச்சிக்கினு ஜொரத்துல கெடக்குறாங்க."

அவர் வெளியே போனதும் ஒரு நாப்கினைக் கிழித்துப் பார்த்தேன். பிறகு கோப்பில் ஒரு கேள்வி எழுதினேன். மேலுறை துணி வகையா, காகித வகையா? இறக்குமதி செய்தவர் நேரில் விளக்கம் தரவும். நியாயமான கேள்வி.

மூன்று வாரத்தில் வந்தார். கூழ், துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றின் எடை விகிதத்தைக் கேட்டேன். ஏப்ரலில் அதைக் கொண்டுவந்தார். அடித்தாளின் பசை பற்றி ஒரு சந்தேகம் எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் கள்ளக்குறிச்சிப் பேச்சு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. சின்னசேலத்தில் ரயில் தாமதமான கதை, மலையில் பலா பழுத்த செய்தி. அவர் வரும் நாளில் நான் சலவைச் சட்டை போட்டுக்கொள்வேன். அதற்கு மேல் தப்பாக எதுவும் நினைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூனில் மழை பிடித்தது. அவரால் அடிக்கடி வர முடியவில்லை. கடிதம் எழுதினார். சாலம்மாள், இருபத்திரண்டு வயது, பிரசவமான ஆறாம் நாள் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். இதை மேலதிகாரியிடம் காட்டிப் பெட்டிகளைச் சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று இருந்தது. கையெழுத்து அழகாக இருந்தது. கோப்பில் கோத்தால் துளை போட வேண்டிவரும். அறைக்கு எடுத்துப்போனேன். அடுத்து வந்தவற்றையும் அப்படியே. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஆகஸ்ட் முடிவில் ஆறு கடிதங்கள் சேர்ந்தன.

செப்டம்பரில் மேலதிகாரி ராமசாமி அந்தக் கோப்பு ஏன் இன்னும் கிடக்கிறது என்று கேட்டார். கால் மணி நேரத்தில் குறிப்பு எழுதி வைத்தேன். உறிஞ்சும் கூழ்தான் இதன் உயிர். எனவே காகிதத் தலைப்பு. பதினான்காம் தேதி விடுவிப்பு ஆணையில் கையெழுத்தானது. அன்றே தபாலில் போட்டிருந்தால் பதினாறாம் தேதி அவருக்குக் கிடைத்திருக்கும். நானே கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று லீவு போட்டேன்.

பதினாறாம் தேதி சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்தேன். மறுநாள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். நான் ஆணையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருந்தேன்.

பஸ் விட்ட அன்றே மலையேறினேன். மருந்தக வாசலில் அவர் ஒரு பாயை அலசிக்கொண்டிருந்தார். மறியல் தொடங்கிய மறுநாள் பிள்ளை பெற்ற கமலாவின் பாய். முந்தின நாள் அவளை அடக்கம் செய்திருந்தார்கள்.

"ரோட்ட மறிச்சிட்டாங்க. இல்லேன்னா முன்னாடியே வந்திருப்பேன்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆணையை வாங்கினார். தேதியைப் பார்த்தார்.

"என் லெட்டரெல்லாம் பெரியவரு படிச்சாரா சார்?"

"இல்ல. எல்லாம் என் ரூம்ல பத்திரமா இருக்குது."

"ரூம்லயா?" ஆணையை மடித்தார். "இது காயிதம்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சிது?"

அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மொத நாளே தெரியும்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை. பிறகு துறைமுகத்திலிருந்து பெட்டிகளை எடுத்துப்போக மருந்தகத்துக் காவலாளி, பாவாடை என்பவர், வந்தார். நர்ஸின் புகார் தபாலில் வந்தது.

இனி எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிகளைக் காக்க வைத்தது நான். கடிதங்களை மறைத்தது நான். மறியல் காரணமில்லை. சாலம்மாளிலிருந்து கமலா வரை ஏழு பெண்களைக் கொன்றது நான்தான். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். என் வாக்குமூலத்தில் இரண்டொரு தேதி தெளிவாக இல்லை என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். நர்ஸ் நேரில் வந்து, என்னை எதிரே வைத்துக்கொண்டு, விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கேட்டால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நியாயமான கேள்விதான்.