இடது ஓரத்து மேடு

மலையில் படம் எடுப்பவன் கேமராவின் சின்னத் திரையை நம்பக் கூடாது. வெயிலில் எல்லாம் இருண்டு தெரியும், மூடுபனியில் எல்லாம் அழகாகத் தெரியும். நான் ஹிஸ்டோகிராமைத்தான் பார்ப்பேன். படத்தில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று மேடுபள்ளமாகக் காட்டும் சின்னக் கட்டம் அது. இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. மேடு இடது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால், அங்கே என்ன இருந்ததோ அது வெறும் கருப்பாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் படத்திலிருந்து பிறகு யாராலும் அதை மீட்க முடியாது.

தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டீர்கள். அதனால்தான் இதிலிருந்து தொடங்கினேன்.

கோத்தகிரியில் என் ஸ்டூடியோ. கல்யாணத்துக்கு முன்பு ஜோடிகளைத் தேயிலைக்குள் நிற்க வைத்து எடுப்பதுதான் இப்போது பெரிய வேலை. அந்த எஸ்டேட்டை விட்டால் அதற்கு நல்ல இடம் கிடையாது. மேனேஜர் ஜெகதீசன் என்னை மட்டும்தான் உள்ளே விடுவார். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான்.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் மூக்கம்மா வந்தார். அங்கே கொழுந்து எடுப்பவர், சின்ன வயதில் குடும்பத்தோடு இலங்கையிலிருந்து வந்தவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் சரிவு வெடித்திருக்கிறது, படம் எடுத்துக் கொடுத்தால் தாலுகா ஆபீஸில் காட்டி வேறு இடம் கேட்கலாம் என்றார். போனேன்.

"வெடிப்பு நல்லா விளங்கணும் தம்பி. எங்க தேவி இந்தச் செவுத்தோரமாத்தான் படுக்குறா."

தேவி அவர் மகள். பால் ஊற்றாத தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது.

மேலே பனி வெள்ளையாக நின்றது, சரிவு சில்வர் ஓக் நிழலில் கிடந்தது. வானம் வெளுத்துவிடாமல் எடுத்தேன். கட்டத்தில் இடது ஓரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மேடு. ஓரத்தைத் தொடவில்லை. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் வெளிச்சமாகத் தூக்கிப் பார்த்தபோது வெடிப்பு துல்லியமாக வந்தது. கை நுழையும் அகலம். புல்வேர்கள் இரண்டு பக்கமும் அறுந்து தொங்கின. நான் எடுத்ததில் நல்ல படங்களில் ஒன்று அது.

அன்று திரும்பும்போது கேட்டருகே ஜெகதீசன் ஜீப்பை நிறுத்தினார்.

"ஏனுங்க சசி, லைன் பக்கம் போய்ட்டு வர்றீங்களாட்ட இருக்குது?"

"சும்மா ரெண்டு படம்ங்க."

"செரிங்க. அடுத்த மாசம் ஷூட்டிங் இருந்தா சொல்லுங்க, கேட்ல சொல்லி வெக்கறேன்."

அவ்வளவுதான் பேசினோம். படத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவர்மேல் பழி போடாதீர்கள். அவர் கேட்கும் நிலை வந்தால் அந்தக் கேட் எனக்கும் மூடிவிடும் என்று நினைத்தது நான்.

நான் எதையும் அழிக்கவில்லை. எதுவரை முழுக் கருப்பு என்று குறிக்கும் கருப்புப் புள்ளியை அந்தச் சின்ன மேட்டைத் தாண்டி நகர்த்தினேன். மேடு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சரிவு குளிர்ந்த, அழகான நிழலாயிற்று.

பிரிண்டை வாங்கிய மூக்கம்மா ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கருப்பா கெடக்கே தம்பி. வெடிப்பைக் காணோமே."

"பேப்பர்ல அப்படித்தாங்க தெரியும். ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பாப்பாங்க. பைலும் அனுப்பிடறேன்."

அவர் என்னை நம்பினார். "நீங்க படிச்சவங்க" என்றார். இருண்ட படத்தையே அனுப்பினேன். படத்தில் வெடிப்பு ஒன்றும் தெரியவில்லை, மழை முடிந்ததும் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்ததாகப் பிறகு சொன்னார். வருத்தமாகச் சொன்னார், என்மேல் கோபமில்லை. அப்போதும் அசல் படம் என்னிடம் இருந்தது. அடுத்த வாரம் கோயம்புத்தூர் ஜோடி ஒன்று வர இருந்தது. வேலையைப் பார்த்தேன்.

மழை வந்தது. சரிவு இறங்கியது. மூக்கம்மா, தேவி, பக்கத்து வீடுகளில் இன்னும் நான்கு பேர்.

அசல் படத்தை ஏன் அழிக்கவில்லை என்றும் கேட்டீர்கள். நன்றாக வந்த படத்தை அழிக்க மனம் வராது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள், சரிதான். எதையும் மறுக்கவில்லை. அந்த ஆறு பேரும் அந்த வீடுகளில் படுத்திருக்கக் காரணம் நான்தான். வெடிப்பைப் பார்த்த பிறகு, என்ன ஆகும் என்று தெரிந்து, மறைத்தேன்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். உடல்களைப் படம் எடுக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தார்ப்பாய்க்குக் கீழே வெளிச்சம் மிகவும் குறைவு. தேவியின் முகம் இருட்டில் போயிருந்தது. சொந்தக்காரர்கள் அடையாளம் காண வேண்டுமே என்று உட்கார்ந்து, அந்த நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, புருவம்வரை தெரியும்படி செய்து கொடுத்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தின்மேல் இருந்த அக்கறையில் நானாகச் செய்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.