எட்டுச் சொட்டுத் தண்ணீர்

"உன் கையில என்ன வாசனை?" என்று அத்தான் ஒரு நாள் காலையில் என்னிடம் கேட்டார். நான் அவருக்கு ரொட்டித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சோப்பு என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அன்று நடந்தது அவ்வளவுதான்.

எழுதித் தா என்று ஸ்டேஷனில் காகிதம் கொடுத்தீர்கள். நல்லது. எனக்குப் பேச வராது. யாராவது எதிரே உட்கார்ந்து கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னால் கை நிற்காது. அக்கா உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் எதையும் பாதிதான் பார்ப்பாள். முழுவதையும் நான் எழுதித் தருகிறேன். நிதானமாகப் படியுங்கள். நிதானம்தான் இதில் முக்கியம்.

எனக்கு வேலை ஒரு மதுக்கடையில். கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. ஆறு பேர் உட்காரலாம். வெளிநாட்டுச் சரக்கை எப்படிக் குடிப்பது என்று கடை முதலாளி அங்கே வகுப்பு எடுப்பார். அவரை நாங்கள் மூக்கர் என்போம். அவர் காதில் விழாமல்தான். திரைக்குப் பின்னால் நின்று கிளாஸ் கழுவுவது என் வேலை. வாரம் நான்கு வகுப்பு, ஒரே பாடம், ஒரு வருடம். எனக்கு அது மனப்பாடம். நான் இதுவரை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எந்த ஹோட்டல் என்று அவள் கேட்கவில்லை.

மூக்கருக்குப் பிடித்தது போர்பன். மக்காச்சோளத்தைக் காய்ச்சி, உள்பக்கம் கரியாகச் சுட்ட புது மரப் பீப்பாயில் பல வருடம் வைத்து எடுக்கிற விஸ்கி. பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து நாற்பது சதவீதத்துக்கு இறக்கித்தான் பாட்டிலில் அடைப்பார்கள். சிலதைத் தண்ணீர் காட்டாமல் அப்படியே அடைப்பார்கள். அறுபது, அறுபத்து நான்கு என்று இருக்கும். அதைக் குடிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். மடக்கென்று ஊற்றிக்கொண்டு, கண் பிதுங்கி, மேசையைத் தட்டி, அதை வீரம் என்று நினைப்பார்கள். இன்னொரு கூட்டம் சோடா ஊற்றி அதைக் கொன்றுவிடும். நீங்கள் இரண்டாவது கூட்டம் என்று நினைக்கிறேன்.

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு பாதியில் அக்கா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவளுக்குப் பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவு மேற்பார்வை. காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருவாள். அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவர் அப்போது பயங்கரமாகக் குடிப்பார். "ஆள் வேணும்டீ அவரைப் பாத்துக்க. படிப்பு எங்க ஓடிப்போகுது, அடுத்த வருஷம் சேத்துவிடறேன்" என்றாள். அப்படி ஐந்து அடுத்த வருடங்கள் போயின.

என் வேலை பாட்டில் தேடுவது. கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்குள், மழைக்கோட்டுக் கைக்குள், அவருடைய கருவிப் பெட்டியில் கிரீஸ் டப்பாவுக்கு அடியில். எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவேன். போலீஸ் நாய்க்கு வைக்க வேண்டிய வேலையை மச்சினிக்கு வைத்திருக்கிறார்கள் என்று அத்தானே ஒரு முறை சொன்னார். ரத்த வாந்தி எடுத்து அவரை மருத்துவமனையில் சேர்த்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்டீ" என்றாள். அதை நான் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். நீல அட்டை.

அதற்குப் பிறகு அத்தான் நிறுத்திவிட்டார். உண்மையாகவே நிறுத்திவிட்டார். ஒரு மாதம், நான்கு மாதம், பத்து மாதம். நான் பழக்கத்தில் தொட்டியைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர்தான் இருக்கும். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிப்பது எனக்குக் கேட்கும். மேசையில் என் தட்டை வைக்க அவள் இரண்டு முறை மறந்தாள். பிறகு உண்டானாள். என் அறையைக் குழந்தைக்கு என்றாள். பெண்கள் விடுதி ஒன்றில் எனக்கு இடம் கேட்டிருப்பதாகச் சொன்னாள். "உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல?" என்று கேட்டாள். என் வாழ்க்கையை எங்கே வைத்திருந்தாள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் அத்தான் கை வாசனையைப் பற்றிக் கேட்டார்.

மூக்கர் ஒரு வித்தை காட்டுவார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு இரண்டு கையையும் தேய்க்கச் சொல்வார். சாராயம் பறந்துவிடும். மிச்சம் நிற்பது தானியமும் மரமும். அந்த வாசனைதான் என் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மறுநாளிலிருந்து கடையை விட்டுக் கிளம்பும்போது நான் சோப்புப் போடவில்லை. ஒருத்தி கைகழுவாமல் வீட்டுக்கு வருவது குற்றமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கழுவாத கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து அத்தானின் மாத்திரைப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். காய்ந்துபோன போர்பன் கிளாஸில் கருகிய சர்க்கரை வாசனை வரும். அவர் எடுத்து முகர்ந்தார். வைத்துவிட்டார். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள், இதில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். சோளம், கரி, பீப்பாய், அறுபத்து நான்கு, எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அத்தனை வாக்கியம் நான் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. அவர் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "அடேங்கப்பா, ஊமைன்னு நெனச்சேன், டீச்சரா இருக்கியே" என்றார். அதற்குப் பிறகு என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

வகுப்பில் மிஞ்சுவதைக் கழுவும் தொட்டியில் கொட்டச் சொல்வார்கள். நான் கொட்டாமல் இருமல் மருந்து பாட்டிலில் சேர்த்தேன். கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. அத்தானுக்கும் மருத்துவமனைக்குப் பிறகு மதிய வேலைதான். காலை ஒன்பது மணிக்கு நாக்கும் மூக்கும் சுத்தமாக இருக்கும், ருசி பார்க்க அதுதான் நேரம் என்று மூக்கர் சொல்வார். சமையலறை மேசையில் உட்கார்ந்தோம்.

குடிக்க வேண்டாம், முகர்ந்து பாருங்கள் போதும் என்றேன். கிளாஸுக்குள் மூக்கை விடக்கூடாது, எரிந்துவிடும். கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடிக்க வேண்டும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். காத்திருந்தால் அது தானாக மேலே வரும். அவர் அப்படியே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "இருபது வருஷம் குடிச்சிருக்கேன் டீச்சர். ஒரு நாளும் மூக்கைப் பொத்திக்காம குடிச்சதில்ல" என்றார்.

அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி. மருந்து ஃபில்லரால் எட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டேன். கடும் சரக்கில் தண்ணீர் சேர்ப்பது அதைக் குறைப்பதற்கு அல்ல, அதன் வாயைத் திறப்பதற்கு. பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மிடறு ருசி பார்க்க அல்ல, என்ன வரப்போகிறது என்று வாய்க்குத் தகவல் சொல்ல. பயறு அளவுதான். அதைச் சோறு மாதிரி மெல்ல வேண்டும். விழுங்கியதும் மூச்சை மூக்கால் விடாமல் வாயால் விட வேண்டும். இரண்டாவது மிடறில்தான் எல்லாம் இருக்கிறது. புதுச் செருப்புத் தோல் என்றார். பிறகு வெந்த பழம் என்றார். அழுதார். ருசி தெரிந்த அழுகை அது.

எட்டுச் சொட்டு ஆறாயிற்று, நான்காயிற்று. ஒரு கரண்டி நான்கு கரண்டி ஆயிற்று. அவர் ஒரு நாளும் தள்ளாடவில்லை, ஒரு நாளும் கத்தவில்லை. பல் தேய்த்துச் சாப்பிட்டு வேலைக்குப் போனார். அக்காவுக்குத் தெரிந்த அடையாளங்கள் எல்லாம் குடிக்கத் தெரியாதவனுடைய அடையாளங்கள். இரண்டு மாதம் அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இப்போதெல்லாம் காலையில் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று என்னிடமே சொன்னாள்.

மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். காகிதத்தில் உணவுக்குழாயைப் படம் போட்டு, புடைத்த ரத்தக்குழாய்களைப் பேனாவால் குத்திக் காட்டினார். "இனிமே ஒரு மடக்கு உள்ள போனாலும் இது எப்ப வேணா வெடிக்கும். புரியுதா?" என்றார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். புரிகிறது என்று சொன்னவள் நான்தான்.

ஆனால் நான் சாவை நினைக்கவில்லை. கொஞ்சம் நோய்ப்பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு ஆள் தேவைப்படுகிற அளவுக்கு.

போன மாதம் இருபத்தேழாம் தேதி இரவுச் சாப்பாட்டில் அக்கா, ஒன்றாம் தேதி விடுதியில் இடம் தயார் என்றாள். மறுநாள் காலை நான் கிளாஸை வைத்தேன். அத்தான் தொடவில்லை.

"இத்தோட போதும் டீச்சர்," என்றார். "சாயங்காலம் உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன். பயப்படாத, உன் பேரை இழுக்க மாட்டேன். எங்கேயோ வாங்கினேன்னு சொல்லிக்கறேன்."

"ருசி பிடிக்கலையா?"

"பிடிக்குது. அதான் பயமா இருக்கு. புள்ள பொறக்கப்போகுதும்மா."

 கிளாஸில் இருந்ததைக் கழுவும் தொட்டியில் கொட்டி, தானே கழுவி, துடைத்துக் கவிழ்த்தார். அந்த வீட்டில் அவர் ஒரு கிளாஸ் கழுவி நான் பார்த்ததில்லை. பிறகு குளிக்கப் போனார்.

என் பெட்டியில் ஒரு முழு பாட்டில் இரண்டு வாரமாக இருந்தது. அறுபத்து நான்கு. ஏன் எடுத்து வந்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது நீங்கள் கேட்பதால் யோசித்துப் பார்க்கிறேன், தெரிந்துதான் இருந்திருக்கும். அதை மேசை நடுவில் வைத்துத் தக்கையைக் கழற்றினேன். தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்து கவிழ்த்தேன். ஃபில்லரை என் பையில் போட்டுக்கொண்டேன். கிளாஸ்கள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டேன். கிளாஸ் இருந்தால் அவர் அளவு பார்ப்பார். நான் அப்படிப் பழக்கியிருந்தேன். ஒன்பதரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வெளிக்கதவு பூட்டாமல்தான் இருந்தது. யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை.

பத்தே முக்காலிலிருந்து பதினொன்றரைக்குள் என் கைபேசிக்கு நான்கு முறை அழைத்தார். பார்த்தேன். கடை திறக்குமுன் முந்தின நாள் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், கை ஈரமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அக்காதான் கதவைத் திறந்து பார்த்தாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நான்காம் நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் அவளுக்குத் தலைவாரிவிட்டேன். சாப்பிட வைத்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, என் கையை அந்த மருத்துவமனையில் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டாள். "நீ எங்கயும் போயிடாதடீ" என்றாள். அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். இருந்திருப்பேன். ஆனால் அவள் அத்தானைத் திட்ட ஆரம்பித்தாள். கடைசிவரைக்கும் திருந்தவில்லை, புள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் பழைய குடிகாரனாகவே செத்தார், நாய் மாதிரி நக்கிக் குடித்துச் செத்தார் என்றாள். அது அநியாயம். அவர் என் மாணவர். இரண்டு மாதம் அவர் குடித்த மாதிரி மூக்கரின் வாடிக்கையாளர் ஒருவரும் குடித்ததில்லை.

அதனால் சொன்னேன். பேச வராத நான் அன்று தடங்கலே இல்லாமல் பேசினேன். கையிலிருந்து ஆரம்பித்து, காய்ந்த கிளாஸ், எட்டுச் சொட்டு, பத்து நிமிடம், புதுச் செருப்புத் தோல் எல்லாம் சொன்னேன். அவர் நிறுத்துகிறேன் என்று சொன்னதையும் கிளாஸ் கழுவியதையும் சொன்னேன், அவர்மேல் அவளுக்கு மரியாதை வரட்டும் என்று. பாட்டிலை வைத்தது நான்தான் என்றேன். நான்கு அழைப்பையும் சொன்னேன். அவள் என் தோளிலிருந்து தலையை எடுத்து, நான் முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாக நான் பேசுவதை அவள் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு மனசு லேசாக இருந்தது. குழந்தை வந்தால் இரண்டு பேர் வேண்டும், ராத்திரி நான் விழித்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போகலாம் என்றேன்.

"விடுதிக்கு வரலன்னு நீ சொல்லிடறியா, நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அக்கா என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கதவைத் திறந்து படியிறங்கிப் போனாள்.